பத்து சென்ட் மனையில் எத்தனை தென்னை வைக்கலாம்?

சிற்றூர்களில் பெரிய மனையாக வாங்கி வீடு கட்டுபவர்கள் முதலில் செய்வது, மதிலை ஒட்டித் தென்னங்கன்று நடுவதுதான். பத்து அடிக்கு ஒன்று என எட்டு, பத்து கன்றுகள் வைத்துவிடுகிறார்கள்.

தென்னைக்கு 25 அடி இடைவெளி வேண்டும். அதாவது ஒரு மரத்துக்கு 625 சதுர அடி. 10 சென்ட் என்பது 4,356 சதுர அடி. வீட்டுக்கு 1,200 போனால் மிச்சத்தில் கணக்குப்படியே ஐந்து மரம்தான். வீட்டையும் மதிலையும் விட்டுத் தள்ளி நட்டால் இரண்டு, மூன்றுக்கு மேல் இடமில்லை.

நெருக்கி நட்டால் மரம் வெளிச்சம் தேடி வெளிப்பக்கம் சாயும், காய்ப்பும் குறையும். மட்டையே 15 அடி நீளும். பக்கத்து வீட்டு ஓட்டில் தேங்காய் விழுந்து சண்டை வரும்போது மரத்துக்கு வயது பத்தாகியிருக்கும். வெட்ட யாருக்கு மனசு வரும்?

மீதி இடத்தில் குளியலறைத் தண்ணீர் போகும் பக்கம் வாழை வையுங்கள். பி.கே.எம்.1 முருங்கை விதைத்த ஆறு மாதத்தில் காய்க்கும். கிளை எளிதில் முறியும் என்பதால் கூரையிலிருந்து தள்ளி இருக்கட்டும். எதை நடுவதானாலும் மேலே மின்கம்பி போகிறதா என்று பாருங்கள்.

ஏற்கெனவே நெருக்கி நட்டிருந்தால், கன்றுகள் சிறிதாக இருக்கும்போதே ஒன்று விட்டு ஒன்றை எடுத்துவிடுங்கள்.