விக்கலுக்கு வந்த பெயர்

ஆங்கிலத்திலே விக்கலைக் குறிக்குஞ் சொல்லுக்கு இரண்டு எழுத்துக்கூட்டல்கள் உள. ஒன்று, ஒலிப்பது போலவே எழுதப்படும் 'ஹிக்கப்'. மற்றையது, இருமலைக் குறிக்கும் 'கொஃப்' என்னுஞ் சொல்லை வாலாகக் கொண்டது. ஆயினும் இதனையும் 'ஹிக்கப்' என்றே உச்சரித்தல் வேண்டும். எழுத்தை நம்பி 'ஹிக்கொஃப்' என வாசிக்கும் மாணவனை நாம் திருத்துகின்றோம். உண்மையில் திருத்தப்பட வேண்டியது அவ்வெழுத்துக்கூட்டலே.

பழைய ஆங்கிலத்தில் 'எல்ஃப்' எனப்படும் குறளியின் பெயரோடு சேர்ந்த சொல்லொன்று உண்டு. குறளியால் உண்டாகும் விக்கல் என்று அதற்குப் பொருள் கூறுவர். தூரத்தில் எவரோ நினைக்கின்றார் என்று நம் பாட்டிமார் சொல்வதில்லையா? அது போன்றதுதான்.

16ஆம் நூற்றாண்டில் 'ஹிக்கெட்', 'ஹிக்கொக்', 'ஹிக்கொப்' என்னும் வடிவங்கள் வழங்கின. ஈறு மாறியும் 'ஹிக்' மாறவில்லை. அது தொண்டையிலே பிறக்கும் ஒலியாதலின். டேனியர் 'ஹிக்கெ' என்பர், ஒல்லாந்தர் 'ஹிக்' என்பர், வடமொழியில் அது 'ஹிக்கா', தமிழிலோ விக்கல். ஓசை ஒத்திருப்பது கொண்டு இவற்றையெல்லாம் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் எனத் துணிதல் தவறு. ஒரே ஒலியைக் கேட்ட மாந்தர் தத்தம் மொழியிலே அதனைத் தனித்தனி பிடித்து வைத்திருத்தலுங் கூடும்.

17ஆம் நூற்றாண்டிலேதான் இருமல் வந்து ஒட்டிக்கொண்டது. வெறும் ஒலியாகிய ஒரு சொல்லுக்குள்ளே பொருளுள்ள வேறொரு சொல் ஒளிந்திருத்தல் வேண்டும் என எண்ணினர் போலும். படித்தவர் செய்த பிழை இது. உடலியலை நோக்கினும் அது பொருந்தாது. இருமும்போது காற்று நெஞ்சினின்று வெளியே தள்ளப்படுகின்றது. விக்கலிலோ, நெஞ்சறைக்கும் வயிற்றுக்கும் இடையிலுள்ள பிரிமென்றகடு திடீரெனச் சுருங்க, காற்று உள்ளே இழுக்கப்படுகின்றது. உடனே குரல்நாண்கள் சடுதியாக மூடிக்கொள்கின்றன. அவ்வாறு மூடும் ஓசையே 'ஹிக்'. ஆகவே, ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு செயல்களை அவ்வெழுத்துக்கூட்டல் ஒன்றாக முடிந்து வைத்துவிட்டது!

ஒக்ஸ்ஃபோர்ட் பேரகராதியைத் தொகுத்தோர் அதனை வெறும் பிழையென்றே கூறி, கைவிடுமாறு எழுதினர். எனினும் அது கைவிடப்படவில்லை. அகராதிகள் இன்றும் இரண்டையும் ஏற்கின்றன. எனவே விடைத்தாளில் எதனை எழுதினும் புள்ளி குறைத்தல் முறையன்று. யான் கற்பிப்பது முன்னையதையே.