பாகவதர் திரும்பி வந்தார்... ரசிகர்கள் ஏன் திரும்பி வரவில்லை?

புதுக்கோட்டை: 'நம்ம ஊரு சின்னப்பாவா, திருச்சி பாகவதரா? யாரு பாட்டு ஒசத்தி?' 1940-களில் புதுக்கோட்டை பக்கம் இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு லேசில் வீடு திரும்ப முடியாது. டீக்கடையில் ஆரம்பிக்கும் பேச்சு கைகலப்பில் முடிந்த காலம் அது. ரஜினி-கமல், விஜய்-அஜித் சண்டைக்கெல்லாம் தாத்தா இந்த சண்டைதான்.

இரண்டு பேருமே ஒரு கட்டத்தில் சினிமாவை விட்டு விலகி இருந்தவர்கள். இரண்டு பேருமே திரும்பி வந்தார்கள். ஒருவரை ஜனங்கள் தோளில் தூக்கிக் கொண்டாடினார்கள். இன்னொருவரின் படத்துக்கு தியேட்டர் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. ஏன் இப்படி?

குரல்தான் ஹீரோ

அந்தக் காலத்து சினிமா எப்படி என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். இப்போது போல ஒருத்தர் பாட, இன்னொருத்தர் வாய் அசைக்கும் வேலை அப்போது வழக்கமில்லை. சொந்தக் குரலில் பாடத் தெரிந்தவர்தான் ஹீரோ. ஒரு படத்தில் 20, 30 பாட்டு சர்வசாதாரணம். கொட்டகை வாசலில் பாட்டுப் புத்தகம் விற்பார்கள். கிராமபோன் பெட்டி வைத்திருக்கும் வீட்டு வாசலில் தெருவே கூடி நிற்கும். படம் 'பார்க்க' போனார்கள் என்பதைவிட, 'கேட்க' போனார்கள் என்பதே சரி.

புதுக்கோட்டையில் 1916-ல் பிறந்தவர் பி.யு.சின்னப்பா. பெயரில் இருக்கும் 'பி' நம்ம ஊருதான். 'யு' அவருடைய அப்பா உலகநாத பிள்ளை. அவரும் நாடக நடிகர். சின்ன வயதிலேயே நாடகக் கம்பெனியில் சேர்ந்த சின்னப்பா, 1936-ல் 'சந்திரகாந்தா' மூலம் சினிமாவுக்கு வந்தார். அடுத்தடுத்து சில படங்கள். பெரிதாக எதுவும் கை கொடுக்கவில்லை. ஊருக்கே திரும்பி வந்து, மவுன விரதம் எல்லாம் இருந்தார் என்று சொல்வார்கள். இனி அவ்வளவுதான் என்று பேச்சு வந்துவிட்டது.

அப்போதுதான் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர்.சுந்தரம் கூப்பிட்டார். 1940-ல் 'உத்தமபுத்திரன்' வந்தது. தமிழ் சினிமாவில் ஒரே நடிகர் இரட்டை வேடம் போட்ட முதல் படம். ஜனங்களுக்கு இது புதுசு. பாட்டும் உண்டு, கத்திச் சண்டையும் உண்டு, ஒரே திரையில் ரெண்டு சின்னப்பாவும் உண்டு! அப்புறம் ஆர்யமாலா, கண்ணகி, மனோன்மணி என்று வரிசையாக ஓடின. 1944-ல் 'ஜகதலபிரதாபன்' படத்தில் பாடுகிறவரும் அவரே, பக்கத்தில் வாத்தியம் வாசிக்கிறவர்களும் அவரே. அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் ஏது? கொட்டகையில் வாயைப் பிளந்து பார்த்தார்கள். வந்த பணத்தில் புதுக்கோட்டையில் வீடு வீடாக வாங்கித் தள்ளினார். இனிமேல் வீடு வாங்கக்கூடாது என்று சமஸ்தானமே தடை போட்டதாக ஊரில் கதை உண்டு.

கொடி கட்டிப் பறந்தவர்

இந்தப் பக்கம் பாகவதர். எம்.கே.தியாகராஜ பாகவதர் மாயவரத்தில் பிறந்தாலும் திருச்சிக்காரர் என்றே பெயர். புதுக்கோட்டையில் இருந்து 50 கிலோ மீட்டர் சொச்சம். 1934-ல் 'பவளக்கொடி'யில் தொடங்கி சிந்தாமணி, அம்பிகாபதி, அசோக்குமார், சிவகவி என்று தொட்டதெல்லாம் தங்கம். அவர் மாதிரியே தலைமுடி வளர்க்காத இளவட்டம் குறைவு. 1944 தீபாவளிக்கு வந்த 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே தியேட்டரில் 3 தீபாவளியைக் கண்டது. அந்தப் படம் ஓடிக்கொண்டே இருந்தது. ஹீரோ மட்டும் ஜெயிலில் இருந்தார்!

ஆமாம். பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் 1944 நவம்பரில் சென்னை வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்டு மறுநாள் இறந்தார். அந்த வழக்கில் பாகவதரும், கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனும் கைதானார்கள். 1945-ல் ஆயுள் தண்டனை. லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், கடைசியில் 1947 ஏப்ரலில் சென்னை ஐகோர்ட்டு 'குற்றவாளிகள் இல்லை' என்று விடுதலை செய்தது. ஏறத்தாழ இரண்டரை வருஷம் பறிபோனது.

வெளியே வந்த பாகவதர் சொந்தமாகவே படம் எடுத்தார். பெயர் 'ராஜமுக்தி'. ஜெயிலில் இருந்து விடுதலையானவர் எடுத்த படத்துக்கு 'முக்தி' என்று பெயர்! புனேயில் ஷூட்டிங். பாபநாசம் சிவன் பாட்டு, சி.ஆர்.சுப்பராமன் இசை. வசனம் எழுத எழுத்தாளர் புதுமைப்பித்தனே புனேவுக்குப் போனார். போன இடத்தில் காசநோய் முற்றி, 1948 ஜூனில் இறந்தும் போனார். வி.என்.ஜானகி, பானுமதி நடித்தார்கள். துணை வேடத்தில் எம்.ஜி.ஆர். (அடுத்த வருஷம் சின்னப்பாவின் 'ரத்னகுமார்' படத்திலும் எம்.ஜி.ஆருக்கு துணை வேடம்தான். ரெண்டு பாட்டு ராஜாக்களுக்கும் பக்கத்தில் நின்றவர் பின்னாளில் நிஜமாகவே நாட்டை ஆண்டார்.)

நாலு வருஷம் காத்திருந்த படம் 1948 அக்டோபரில் வந்தது. வந்த வேகத்தில் படுத்தது.

என்ன ஆச்சு?

'ஜெயிலுக்குப் போன ஆளு' என்று ஜனங்கள் ஒதுக்கிவிட்டார்கள் என்பதுதான் வழக்கமாகச் சொல்லும் காரணம். இது முழுசாக சரியாகாது. ஏனென்றால் அதே வழக்கில் அதே ஜெயிலில் இருந்த கலைவாணர் வெளியே வந்ததும் ஜனங்கள் சிரித்து வரவேற்றார்களே! 1949-ல் அண்ணா எழுத, கலைவாணர் நடித்த 'நல்லதம்பி'யில் வரும் கிந்தன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். கதாகாலட்சேபம் என்பது பழைய சரக்கு. கலைவாணர் அதே காலட்சேபத்தில், நந்தனார் கோயிலுக்குப் போன மாதிரி, ஒரு ஏழைப் பையனை ரெயிலேற்றி படிக்க அனுப்பினார். பாத்திரம் பழசு, உள்ளே இருந்த சோறு புதுசு. ஜனங்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

பாகவதர் அப்படி மாறவில்லை. 1944-ல் விட்ட இடத்தில் இருந்தே தொடங்கினார். அதே ராஜா வேஷம், அதே பக்தி, அதே உருக்கம். ஆனால் இந்த நாலு வருஷத்தில் நாடே மாறிவிட்டது. சுதந்திரம் வந்தாச்சு. ராஜாக்களே போயாச்சு! புதுக்கோட்டைக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 1948 மார்ச் 3-ந்தேதிதான் தொண்டைமான் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. நிஜ ராஜா இறங்கி ஏழு மாசம் கழித்து, திரையில் ஒரு ராஜா முக்தி தேடினார்.

சினிமாவும் மாறிவிட்டது. அதே 1948 ஏப்ரலில் ஜெமினியின் 'சந்திரலேகா' வந்து, நூற்றுக்கணக்கான பேரை முரசு மேல் ஆடவிட்டு மிரட்டியிருந்தது. பின்னணிப் பாடகர்கள் வந்துவிட்டதால் நடிக்கிறவருக்கு பாட்டு தெரிய வேண்டிய கட்டாயம் போச்சு. பாட்டு இருந்த இடத்தை வசனம் பிடித்தது. 1952-ல் பாகவதரின் 'அமரகவி' வந்த அதே வருஷம், தீபாவளிக்கு 'பராசக்தி' வந்தது. பாட்டுப் புத்தகம் வாங்கிய கை, வசனத்தை மனப்பாடம் செய்ய ஆரம்பித்தது. 'அமரகவி'யும் கை கொடுக்கவில்லை.

கடல் தாண்டியும் இதே கதை

காத்திருந்த ரசிகன் திரும்பி வந்தவரிடம் பழசைக் கேட்பானா, புதுசைக் கேட்பானா என்பது லேசில் சொல்ல முடியாத விஷயம். இங்கிலாந்தில் பிரிஸ்டல் என்ற ஊரில் 'போர்டிஸ்ஹெட்' என்று ஒரு இசைக்குழு. மெதுவான டிரம்ஸ் தாளம், பழைய ரெக்கார்டைக் கீறும் சத்தம், மேலே ஒரு பெண்ணின் சோகக் குரல். இதற்கு 'டிரிப் ஹாப்' என்று பெயர். 1994-ல் ஒரு ஆல்பம், 1997-ல் ஒரு ஆல்பம் போட்டுவிட்டு காணாமல் போனார்கள். 11 வருஷம் கழித்து 2008-ல் மூன்றாவதோடு வந்தார்கள். கீறல் சத்தம் போயே போச்சு. துப்பாக்கி சுடுவது போல ஒரு தாளம். கேட்டவர்கள் முதலில் திகைத்துத்தான் போனார்கள். ஆனாலும் அது இங்கிலாந்து விற்பனைப் பட்டியலில் 2-வது இடத்துக்குப் போனது. பழைய கடையைத் திறக்காமல் புதுக் கடை போட்டவர்களுக்கு வியாபாரம் ஆனது. பழைய கடையை அப்படியே திறந்த பாகவதருக்கு ஆகவில்லை.

கச்சேரிக்கு மட்டும் கூட்டம்

ஆனால் ஒன்று. ஜனங்கள் வெறுத்தது பாகவதரின் குரலை அல்ல. படத்துக்குப் போகாத அதே கூட்டம், அவர் கச்சேரி என்றால் திரண்டது. திரையில் பழசாகத் தெரிந்த குரல், மேடையில் நேரில் கேட்டபோது இனித்தது. சர்க்கரை வியாதியும் கண் பார்வைக் கோளாறும் வாட்டிய கடைசி வருஷங்களிலும் பாடிக்கொண்டே இருந்தார். 1959 நவம்பர் 1-ந்தேதி சென்னை ஆஸ்பத்திரியில் உயிர் பிரிந்தது. வயது 49. உடல் திருச்சிக்கு வந்தபோது ஊரே திரண்டது. அவர் நடித்த 'சிவகாமி' மறு வருஷம்தான் வெளியானது.

சின்னப்பா அதற்கு முன்பே போய்விட்டார். 1951 செப்டம்பர் 23-ந்தேதி, 35 வயதில், சொந்த ஊரான புதுக்கோட்டையில். காலம் மாறியதன் முழு அடியை வாங்குவதற்கு முன்பே முடிந்துபோன வாழ்க்கை. இன்னும் பத்து வருஷம் இருந்திருந்தால் அவருக்கும் ஒரு 'ராஜமுக்தி' நேர்ந்திருக்குமோ என்னவோ.

டீக்கடை சண்டை எப்போதோ ஓய்ந்துவிட்டது. ஆனால் புதுக்கோட்டை சுற்றுவட்டார கிராமங்களில் திருவிழா என்றால் இன்றும் விடிய விடிய 'வள்ளி திருமணம்' நாடகம் உண்டு. நள்ளிரவு தாண்டி ராஜபார்ட் மேடையேறி, ஆர்மோனியத்தோடு உச்சஸ்தாயியில் ஒரு இழுப்பு இழுத்தால், பாயில் படுத்திருக்கும் பெருசுகள் எழுந்து உட்கார்ந்து விடுகிறார்கள்.