பால்கனியில் காலியான இருக்கை

அமெரிக்காவின் சிகாகோ நகரில், விளம்பர வருவாயை நம்பாமல் நேயர்களின் நன்கொடையாலும் அரசு மானியத்தாலும் நடைபெறும் பொதுத் தொலைக்காட்சி நிலையம் ஒன்று 1975-ஆம் ஆண்டு தொடங்கிய திரைப்பட விமர்சன நிகழ்ச்சி, பெயரும் உரிமையாளரும் பலமுறை மாறியபோதிலும், அதன் வழிவந்த வடிவங்களில் 2010 வரை நீடித்தது. சிகாகோ ட்ரிப்யூன் நாளேட்டின் ஜீன் சிஸ்கெலும், அவ்வாண்டே புலிட்சர் பரிசு பெற்ற சிகாகோ சன்-டைம்ஸ் நாளேட்டின் ரோஜர் ஈபர்ட்டும் அதன் விமர்சகர்களாக அமர்ந்தனர். ஒரே ஊரில் ஒரே வாசகர்களுக்காகப் போட்டியிட்ட இரு நாளேடுகளின் ஆட்கள் அவர்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் முந்த நினைத்த அந்தப் பகைமை கலந்த நெருக்கமே நிகழ்ச்சிக்கு உயிராயிற்று.

திரையரங்கின் பால்கனியைப் போல் அமைக்கப்பட்ட அரங்கில் இருவரும் உட்கார்ந்திருக்க, ஒருவர் படத்தின் சில காட்சிகளைக் காட்டித் தம் கருத்தைச் சொல்வார். அடுத்தவர் அதை ஏற்றோ மறுத்தோ பேசத் தொடங்கியதும் எழுதிவைத்த உரை முடிந்து, ஒத்திகை பார்க்காத வாக்குவாதம் பிறக்கும். 1982-இல் இருவரும் பொதுத் தொலைக்காட்சியை விட்டு ‘சிண்டிகேஷன்’ முறைக்கு, அதாவது ஒரே அலைவரிசையைச் சாராமல் நாடெங்கும் உள்ள நிலையங்களுக்குத் தனித்தனியே நிகழ்ச்சியை விற்கும் முறைக்கு, மாறினர். 1986-இல் டிஸ்னி நிறுவனத்தின் பொறுப்பில் வந்தபோது, பிடித்த படத்துக்குக் கட்டைவிரலை உயர்த்தியும் பிடிக்காத படத்துக்குக் கவிழ்த்தும் தீர்ப்பு வழங்கும் வழக்கம் நிலைபெற்றது. நுட்பமான ஒரு கலையை விரலசைவாகச் சுருக்கிவிட்டார்கள் என்ற குறை எழுந்தது. விமர்சகர் ரிச்சர்ட் கார்லிஸ் 1990-இல் ‘ஃபிலிம் காமென்ட்’ இதழில் இது குறித்துக் கடுமையாகவே எழுதினார். அக்குறையில் உண்மை உண்டு. ஆயினும், கூடைப்பந்து வீரர்களாகக் கனவு கண்ட இரு சிகாகோ சிறுவர்களைப் பற்றிய ‘ஹூப் ட்ரீம்ஸ்’ ஆவணப்படத்துக்கு விநியோகஸ்தர் கிடைப்பதற்கு முன்பே, 1994-இன் தொடக்கத்தில், அதைப் பாராட்டி நாடறியச் செய்தவர்களும் இவர்களே.

1999 பிப்ரவரியில் சிஸ்கெல் தம் 53-ஆம் வயதில் மூளைக்கட்டியால் இறந்த பிறகு, அந்த இருக்கையில் வாரந்தோறும் வெவ்வேறு விருந்தினர் விமர்சகர்கள் அமர்த்தப்பட்டனர். பாஸ்டன் தொலைக்காட்சியின் ஜாய்ஸ் குல்ஹாவிக், இணையத்தில் புகழ்பெற்ற ஹாரி நோல்ஸ் எனப் பல ஊர்களையும் பல ஊடகங்களையும் சேர்ந்தோர் வந்தனர். இரு ஆண்களின் பேச்சாகவே இருந்த நிகழ்ச்சியில் பெண்களின் குரலும் தொடர்ந்து கேட்டது. இந்த விருந்தினர் நிகழ்ச்சிகளுள் மிகவும் மதிக்கத்தக்கது, இயக்குநர் மார்ட்டின் ஸ்கார்செசி 2000-இல் வந்து, தொண்ணூறுகளின் சிறந்த படங்களை ஈபர்ட்டுடன் வரிசைப்படுத்திய நிகழ்ச்சி. ஈபர்ட் ‘ஹூப் ட்ரீம்ஸ்’ படத்துக்கு முதலிடம் தர, ஸ்கார்செசியோ திபெத்தைக் களமாகக் கொண்டு தியான் சுவாங்சுவாங் இயக்கிய சீனப் படமான ‘குதிரைத் திருடன்’ படத்தைத் தேர்ந்தார். அது 1986-இல் வந்த படம். தாம் அதைப் பார்த்தது தொண்ணூறுகளில்தான் என்பதால் அதைச் சேர்த்துக்கொண்டார். ஒரு பெரும் கலைஞரின் ரசனை எவ்வளவு தொலைவுக்குச் செல்லும் என்பதை எந்த விரலசைவும் இல்லாமலே நேயர்கள் கண்டார்கள்.

எனினும், விருந்தினரின் அறிவு எவ்வளவு ஆழமானதாயினும், பழைய நிகழ்ச்சியின் பயன் முழுமையாகத் திரும்பவில்லை. விமர்சகரின் தீர்ப்பு நேயருக்கு உதவுவது, அவர் சொல்வது எப்போதும் சரியாக இருப்பதால் அன்று. அவருடைய அளவுகோல் நேயருக்குப் பழகியிருப்பதால்தான். சிஸ்கெலுக்கு எது சலிப்பூட்டும், ஈபர்ட் எதற்கு இளகிவிடுவார் என்பதைப் பல ஆண்டுகள் பார்த்துத் தெரிந்துகொண்டவர், இருவரில் ஒருவர் வெறுத்த படத்தைக்கூடத் தமக்குப் பிடிக்கும் என்று ஊகித்துப் போய்ப் பார்க்க முடிந்தது. ஒரு வாரம் மட்டும் வந்துபோகும் விமர்சகரின் விரலுக்கு அத்தகைய முன்வரலாறு இல்லை. அதோடு, விருந்தாளிக்கு இயல்பாகவே ஒரு மரியாதை உண்டு. பிறர் வீட்டில் குரலை உயர்த்தத் தயங்குவதைப் போல, மறுப்பும் மென்மையாகிவிடுகிறது.

2000-இல் விமர்சகர் ரிச்சர்ட் ரோப்பர் ஈபர்ட்டின் நிலையான துணையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 2006-இல் புற்றுநோய்ச் சிகிச்சையால் ஈபர்ட் பேச்சை இழந்தபோது, மீண்டும் விருந்தினர் முறை வந்தது. நகைச்சுவையாளர் ஜே லெனோ, இயக்குநர் கெவின் ஸ்மித், பாடகர் ஜான் மெல்லன்காம்ப் போன்றோர் ரோப்பருடன் அமர்ந்தனர். 2007-இல் ஈபர்ட்டுக்கும் டிஸ்னிக்கும் இடையிலான ஒப்பந்தப் பேச்சு இழுபறியானபோது கட்டைவிரல் அடையாளமும் நிகழ்ச்சியிலிருந்து மறைந்தது. அடுத்த ஆண்டு ரோப்பரும் விலக, வேறிருவர் ஒரு பருவம் நடத்தினர். பின்னர், விருந்தினர்களாகப் பலமுறை வந்து பழகிய மைக்கேல் ஃபிலிப்ஸும் நியூயார்க் டைம்ஸின் ஏ.ஓ. ஸ்காட்டும் 2009-இல் இரு இருக்கைகளையும் ஏற்றனர். அவர்களுடைய ரசனையும் கருத்து வேறுபாடுகளும் நேயர்களுக்குப் பிடிபடத் தொடங்கியிருந்த வேளையில், 2010 ஆகஸ்டில், நிகழ்ச்சி நிறுத்தப்பட்டது.