டீஸல் வண்டியின் வடிகட்டி

பழைய டீஸல் பஸ் ஒன்று சமதரையில் நன்றாக ஓடிவந்து, மேடு கண்டதும் மூச்சுத் திணறி நிற்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சூழ்ந்து நிற்பவர்கள் இயந்திரம் கிழடாகிவிட்டது என்பார்கள். இயந்திரத்தைப் பழிப்பதற்கு முன்னால், எண்ணெய் வரும் வழியில் அமர்ந்திருக்கும் வடிகட்டியைச் சற்று விசாரிக்க வேண்டும்.

டீஸல் இயந்திரத்தில் தீப்பொறி கிடையாது. ருடால்ப் டீஸல் என்னும் பொறியாளர் 1897-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக் காட்டிய இயந்திரத்திலிருந்தே இதுதான் முறை. உருளைக்குள் காற்றை வலிந்து அமுக்குகிறோம். அதனால் காற்று 500 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் சூடேறுகிறது. அந்த உஷ்ணத்தில் எண்ணெயைத் தூவினால் தானே பற்றிக்கொள்கிறது. தூவுவதற்குப் பெரும் அழுத்தம் தேவை. பழைய லாரி, பஸ்களில் காற்றுமண்டல அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 200 மடங்கு வேண்டும். அதைத் தருவது பம்பினுள் இருக்கும் பிளஞ்சர் என்னும் சிறு உலக்கை. உலக்கைக்கும் அதன் குழலுக்கும் இடையேயுள்ள இடைவெளி சில மைக்ரான்களே. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு மைக்ரான். நம் தலைமயிரின் பருமன் சுமார் 70 மைக்ரான். ஆகவே கண்ணுக்குத் தெரியாத தூசியும் அங்கே அரமாகிவிடும். அந்த உலக்கைக்கு மசகெண்ணெயும் வேறு கிடையாது. ஓடும் டீஸலே அதற்கு மசகு. டீஸலில் நீர் கலந்தால் மசகு போய்த் துரு வருகிறது.

நான் தலைமையாசிரியராக இருந்த பள்ளியில் ஒரு பழைய பஸ் இருந்தது. அது மேட்டில் திணறியபோது, ஓட்டுநர் வடிகட்டியின் காகிதச் சுருளை எடுத்தெறிந்துவிட்டு வெறுங் கிண்ணத்தைப் பூட்டிவிட்டார். பஸ் பறந்தது, அவருக்குப் பாராட்டும் கிடைத்தது. சில வாரங்களில் காலையில் கிளம்ப மறுத்தது. பம்பைப் பிரித்த மிஸ்திரி உலக்கைகளை என் கையில் வைத்தார். கண்ணாடிபோல் மின்ன வேண்டிய உருக்கில் நெடுகக் கீறல்கள்! அந்தச் செலவில் பல ஆண்டுகளுக்கான வடிகட்டிகளை வாங்கியிருக்கலாம். பணம் போகட்டும்; பக்கத்துக் கிராமத்துப் பெண்கள் அம்மாதம் ஆறு கிலோமீட்டர் நடந்துவந்து பரீட்சை எழுதினார்கள்.

அடைப்பை எப்படி அறிவது? வெறுமனே ஓடும் இயந்திரத்துக்குச் சிறிதளவு எண்ணெய் போதும். பாதி அடைத்த வடிகட்டியும் அதைத் தந்துவிடும். பாரம் ஏற்றி மேடேறும்போது தேவை பன்மடங்காகிறது. அப்பொழுதுதான் குட்டு வெளிப்படுகிறது. ஆனால் இதே நோய்க்குறியை டாங்கியின் மூடியும் காட்டும். மூடியிலுள்ள காற்றுத் துளை அடைபட்டால், எண்ணெய் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் உண்டாகி, எண்ணெயை வரவிடாது. மூடியைத் தளர்த்தும்போது 'உஸ்' என்று காற்று உள்ளே பாய்ந்தால் வடிகட்டியின்மேல் குற்றமில்லை. செலவில்லாத சோதனை, ஆகவே இதை முதலில் செய்க.

அடுத்தது நீர். டாங்கி பாதி காலியாக நின்றால், இரவுக் குளிரில் உள்ளிருக்கும் காற்றின் ஈரம் சுவரில் வியர்த்து இறங்கும். மாலையிலேயே டாங்கியை நிரப்புவோர் இதனால்தான் நிரப்புகிறார்கள். ஒரு லிட்டர் டீஸலின் எடை ஏறத்தாழ 830 கிராம். நீரின் எடை 1000 கிராம். எனவே இரவெல்லாம் அசையாதிருந்த வண்டியில், காலையில் கிளப்புவதற்கு முன், நீர் கிண்ணத்தின் அடியில் தங்கியிருக்கும். அடித்திருகைத் தளர்த்திக் கண்ணாடிக் குவளையில் சிறிது பிடித்துப் பார்த்தால், நீர் முத்துமுத்தாக அடியில் உருள்வது தெரியும். தெளிந்த டீஸல் வரும்வரை வடித்துவிட்டுத் திருகை மூடலாம்.

காகிதச் சுருளைக் கழுவி மீண்டும் போடுவது பொய்ச் சிக்கனம். கழுவுகையில் காகிதம் கிழிந்தால் அந்த ஓட்டை கண்ணில் படாது. வண்டியின் கைப்புத்தகம் சொல்லும் தூரத்தில் புதிதாக மாற்றுவதே முறை. மாற்றும்போது கிண்ணத்தைச் சுத்தமான டீஸலால் கழுவுக. நூல் பிரியும் கந்தையால் துடைக்க வேண்டாம். பெரும்பாலான சுருள்களில் எண்ணெய் வெளிப்புறமிருந்து நடுவுக்குச் செல்கிறது. நடுத்துளையில் டீஸலை ஊற்றி நிரப்பினால், வடிகட்டாத எண்ணெயை வடிகட்டிய பக்கத்தில் சேர்த்தவர்களாவோம். ரப்பர் வளையமும் புதியதாகவே இருக்கட்டும்.

இனி, உள்ளே புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். மிஸ்திரிகள் 'ஏர் எடுப்பது' என்பது இதைத்தான். காற்று அமுங்கும், எண்ணெய் எளிதில் அமுங்காது. குழாயில் காற்றுக் குமிழ் இருந்தால் உலக்கை தள்ளும் விசையெல்லாம் குமிழை அமுக்குவதில் கழிந்து, நாசிலின் ஊசி எழும்புவதே இல்லை. வடிகட்டியின் தலையிலுள்ள திருகைத் தளர்த்திக் கைப்பம்பை அடிக்க, நுரைத்த எண்ணெய் வரும். குமிழ் நின்றதும் பம்பு அடித்துக்கொண்டே திருகை மூட வேண்டும். பிறகு பெரிய பம்பின் திருகிலும் இவ்வாறே. நாசில் குழாய்களை மட்டும் மாணவர்கள் தொடவே கூடாது. அங்கே பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். காயம் ஊசி குத்தியதுபோல் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய ஆபத்து அது.

ஏர் எடுத்த மறுநாளே மீண்டும் காற்று சேர்ந்தால், கசிவு எங்கே என்பது நல்ல பௌதிகக் கேள்வி. கைப்பம்புக்கு அப்பால், எண்ணெய் தள்ளப்படும் வழியில் கசிவிருந்தால் டீஸல் வெளியே சொட்டிக் காட்டிக்கொடுக்கும். டாங்கியிலிருந்து உறிஞ்சப்படும் வழியிலோ இயந்திரம் ஓடுகையில் சொட்டு ஒன்றும் விழாது. காற்றுதான் உள்ளே போகும். சொட்டும் இடத்தையே தேடிக்கொண்டிருப்பவர் அதைக் காணமாட்டார். டாங்கிப் பக்கத்து இணைப்புகளை ஒவ்வொன்றாக இறுக்கிப் பார்த்தும், வெடித்த ரப்பர்க் குழாயை மாற்றியுமே அதைப் பிடிக்க முடியும்.