உடல் பிடித்தலின் பயன்

கொழும்புப் புறக்கோட்டையின் குறுக்குத் தெருக்களிலே மூட்டை சுமக்கும் நாட்டாமைமாரை நாம் நாள்தோறும் காண்கின்றோம். அவர்தம் தோளேறி வந்த அரிசியும் பருப்புமே நம் இல்லங்களில் உணவாகின்றன. அத்தோள்களின் நோவை ஆற்றுவது எது? அதற்குரிய தைலங்களும் மூலிகைகளும் அதே வட்டாரத்தில், ஐந்தாம் குறுக்குத் தெரு, கபோஸ் ஒழுங்கை ஆகியவற்றின் மருந்துக்கடைகளில் விற்கப்படுகின்றன. ஆயினும் தைலம் பாதி. அதனைத் தேய்க்கும் கை பாதி என்க.

அக்கைத்தொழிலைச் சித்த மருத்துவம் தொக்கணம் என்னும். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல் என அஃது ஒன்பது வகைப்படும். ஆயுள்வேதமும் எண்ணெய் தேய்த்தலை அப்பியங்கம் எனப் பெயரிட்டு, நாளொழுக்கத்துள் ஒன்றாக வைத்தது.

இன்றைய விஞ்ஞானம் யாது கூறுகின்றது? 2012ஆம் ஆண்டில் கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வில், கடும் பயிற்சியாற் களைத்த இளைஞர் 11 பேருக்கு ஒரு காலை மட்டும் 10 நிமிடம் பிடித்துவிட்டனர். பின்னர் இரு கால்களின் தசைத்துணுக்குகளையும் ஒப்பிட்டபோது, பிடித்த காலில் அழற்சிக் குறிகள் தணிந்திருந்தன. பிடித்தலால் தசையின் லக்றிக் அமிலம் நீங்கும் என்னும் பழைய கருத்துக்கு அவ்வாய்வு இடந்தரவில்லை. 1986இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றிலோ, நாளுக்கு மும்முறை 15 நிமிடம் உடல் வருடப்பெற்ற குறைமாதக் குழந்தைகள், ஏனையவற்றினும் நாளொன்றுக்கு 47 வீதம் கூடுதலாக நிறை பெற்றன. நம் பாட்டிமார் குழவியைக் காலிற் கிடத்தி எண்ணெய் தேய்த்தது வீண்செயல் அன்று என்பது இதனாற் புலனாகும்.

உள்ளத்துக்கும் இதனாற் பயன் உண்டு. பரிவுடன் தொடும் கை பதற்றத்தைத் தணிக்கும், உறக்கத்தை வரவழைக்கும். எனினும் காய்ச்சல், எலும்பு முறிவு, தோற்புண் உள்ளபோது பிடித்தல் ஆகாது. ஒரு காலில் மட்டும் திடீரென வீக்கமும் நோவும் தோன்றின், இரத்தக்கட்டி இருத்தல் கூடும். தேய்த்தால் அது பெயர்ந்து உயிருக்கே இடராகலாம். அப்போது வைத்தியரை நாடுதலே முறை.

இக்கலை இன்று உல்லாச விடுதிகளிற் பெருவிலைக்கு விற்கப்படுகின்றது. அதனால் இது செல்வர்க்கே உரியது என எண்ணற்க. நாள் முழுதும் கடையில் நின்று திரும்பும் தந்தையின் கால்களை மைந்தன் பிடித்துவிடப் பொருள் வேண்டுவதில்லை. கால் மணி நேரமும் அன்பும் போதும். ஆனால் ஊரையும் உறவையும் பிரிந்து வந்து மூட்டை சுமப்போனுக்கு அக்கை எங்கே? அவனுக்கு ஓய்வும், சுமை குறைக்கும் வண்டியும், நோயுற்றவிடத்து வைத்தியமும் கிடைக்கச் செய்தல், அவன் தோளால் உண்ணும் நம் அனைவரதும் கடனாகும்.