ஓசோன் ஓட்டை: சாட்டிலைட் பார்த்தது, ஆனா சொன்னது யாரு?

சென்சார் டேட்டாவோட வேலை பார்க்கிற எல்லாருமே கோடுல ஒரு லிமிட் வெச்சிருப்போம். வர்ற எண் அதைத் தாண்டினா "சந்தேகம்"னு ஒரு ஃப்ளாக் விழும். ஓசோன் கதையிலயும் அப்படி ஒரு லிமிட் வருது. இன்னிக்கு எபிசோட் அதைப் பத்திதான்.

3 மில்லிமீட்டர் குடை

மூணு ஆக்ஸிஜன் அணு சேர்ந்தா ஓசோன். தரையிலிருந்து சுமார் 15 முதல் 35 கிலோமீட்டர் உயரத்துலதான் இது அதிகம். சூரியனோட புற ஊதாக் கதிர்கள்ல ஆபத்தான பெரும்பகுதியை இதுதான் உறிஞ்சிக்குது. ஆனா தலைக்கு மேல இருக்கிற மொத்த ஓசோனையும் கீழ கொண்டுவந்து தரைமட்ட அழுத்தத்துல பரப்பினா, தடிமன் வெறும் 3 மில்லிமீட்டர்தான். இதைத்தான் 300 டாப்சன்னு சொல்றாங்க.

நல்ல குணமே வினையாச்சு

ஃப்ரிட்ஜ், ஏசி, ஸ்ப்ரே கேன், ஃபோம்னு எல்லாத்துலயும் சிஎஃப்சி வாயுக்களைப் பயன்படுத்தினாங்க. தீப்பிடிக்காது, எதோடவும் சட்டுனு வினைபுரியாது. கீழ எதுவும் சிதைக்காததால, அது மெதுவா ஓசோன் படலம் வரைக்கும் போயிடுது. அங்க புற ஊதாக் கதிர் அதை உடைச்சு குளோரினை வெளியேத்துது. குளோரின் ஓசோனை உடைக்குது, ஆனா தான் மட்டும் செலவாகாம திரும்ப வெளிய வந்துடுது. பிரேக் இல்லாத லூப் மாதிரி. இப்படி ஒரே ஒரு குளோரின் அணு சுமார் ஒரு லட்சம் ஓசோன் மூலக்கூறுகளை அழிக்கலாம். மரியோ மொலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் 1974லேயே இந்த ஆபத்தைச் சொன்னாங்க.

180க்குக் கீழ வந்தா?

அன்டார்டிகாவுல ஹாலி நிலையத்துல பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் 1950களிலிருந்தே, தரையில வெச்ச ஒரு பழைய கருவியால ஓசோனை அளந்துட்டு வந்தாங்க. அக்டோபர்ல சுமார் 300 டாப்சன் இருந்தது, 1984ல 200 அளவுக்கு இறங்கிடுச்சு. ஃபார்மன், கார்டினர், ஷாங்க்லின் மூணு பேரும் 1985 மே மாசம் இதை 'நேச்சர்' இதழ்ல வெளியிட்டாங்க.

அப்போ நாசாவோட நிம்பஸ்-7 சாட்டிலைட் என்ன பண்ணுச்சு? அதுவும் பார்த்துச்சு. ஆனா 180க்குக் கீழ வர்ற அளவுகளைச் சந்தேகம்னு குறிக்கிற மாதிரி மென்பொருள் எழுதியிருந்தாங்க. அந்த டேட்டாவைத் தூக்கிப் போட்டுட்டாங்கன்னு ஒரு கதை சுத்துது. அது சரியில்ல. டேட்டா பத்திரமாத்தான் இருந்துச்சு. அந்தக் குழு அதைச் சரிபார்த்துட்டு இருக்கும்போதே ஹாலி கட்டுரை வந்துடுச்சு. அப்புறம் சாட்டிலைட் வரைபடம் வந்தபோது, ஓட்டை ஒரு கண்டம் அளவுக்குத் தெரிஞ்சுது.

180ங்கிற லிமிட் முட்டாள்தனம் இல்ல. அதுக்கு முன்னாடி அவ்வளவு கீழ யாரும் பார்த்ததில்ல. ஓசோன் மெதுவா குறையும்னுதான் அப்போதைய கணிப்புகளும் சொல்லுச்சு. துருவக் குளிர்ல, கிட்டத்தட்ட மைனஸ் 78 டிகிரிக்குக் கீழ, உயரத்துல உருவாகிற மேகங்கள் மேல குளோரின் வேதிவினை பல மடங்கு வேகமாகும்னு சூசன் சாலமன் குழு பிறகுதான் விளக்குச்சு. நாம வைக்கிற ஒவ்வொரு லிமிட்டும், "இதுக்கு மேல நடக்காது"ங்கிற ஒரு நம்பிக்கைதான்.

நமக்கு என்ன?

ஓசோன் குறைஞ்சா புற ஊதா-பி கதிர் அதிகமா கீழ வரும். தோல் புற்றுநோய், கண்புரை கூடும். பயிர்களும், கடல் உணவுச் சங்கிலிக்கு அடித்தளமான நுண்பாசிகளும் பாதிக்கப்படும்.

1987ல மான்ட்ரியல் ஒப்பந்தம் வந்துச்சு. பிறகு உலக நாடுகள் எல்லாமே அதுல சேர்ந்துச்சு. இருந்தும் அன்டார்டிகா மேல ஓசோன் 1980ல இருந்த நிலைக்குத் திரும்ப சுமார் 2066 ஆகும்னு ஐநா மதிப்பீடு. ஏன்னா சில சிஎஃப்சிகள் காத்துல 50 வருஷம், 100 வருஷம்னு தங்கும்.

ஒப்பந்தம் போட்டாச்சுன்னு அளக்கிறதையும் நிறுத்த முடியாது. தடை செஞ்ச சிஎஃப்சி-11 குறைய வேண்டிய வேகத்துல குறையலன்னு 2018ல தெரிய வந்துச்சு. கிழக்குச் சீனாவுலிருந்து புதுசா வெளியேறுதுன்னு அடுத்த வருஷமே கண்டுபிடிச்சாங்க. அதுக்கப்புறம் அது குறைஞ்சுது. தினமும் சலிக்காம யாரோ அளந்துட்டு இருந்ததாலதான் அது மாட்டுச்சு.

உங்க வீட்டு ஏசி ஸ்டிக்கர்ல என்ன வாயுன்னு ஒரு தடவை பாருங்க. ஆர்-22ன்னா ஓசோனைக் கெடுக்கும். ஆர்-32ன்னா ஓசோனுக்கு ஆபத்தில்ல, ஆனா கசிஞ்சா பூமியைச் சூடாக்கும். அந்தக் கதையை அடுத்த எபிசோட்ல பேசுவோம்.