நூலகரிடம் எதைக் கேட்கலாம்?

"அம்மாவும் அப்பாவும் மோசம் போயிட்டினம். அப்பான்ர பேரில இருக்கிற பெர்மிற் காணி தம்பிக்கோ, மூத்தவள் எனக்கோ?" முல்லைத்தீவிலோ கிளிநொச்சியிலோ ஒரு பெண் இந்தக் கேள்வியோடு பிரதேச சபை நூலகத்துக்குப் போகலாமா? தாராளமாகப் போகலாம். இதற்குத்தான் உசாத்துணைச் சேவை.

எது சேவை, எது அல்ல?

வாசகரின் தேவையைக் கேட்டறிந்து, பொருத்தமான தகவலைத் தேடித் தெரிந்து, விளங்கப்படுத்துவதே உசாத்துணைச் சேவை. பத்திரிகை கிடக்கும் மேசையைக் காட்டுவதும் இரவல் பதிவதும் அதில் சேரா. உசாத்துணைப் பகுதி என்று பலகை மாட்டி அகராதிகளைப் பூட்டி வைப்பதும் சேவையல்ல. வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்துவதை எஸ்.ஆர். ரங்கநாதன் 1931 இலேயே நூலக விதியாக வகுத்தார்.

எங்கே தவறலாம்?

பெர்மிற் காணிகளுக்கான காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் 1935 ஆம் ஆண்டினது. அதன் பழைய பிரதியை மட்டும் நீட்டினால், பின்னுரித்தாளர் பெயரிடப்படாத காணியில் ஆண்பிள்ளைக்கே முன்னுரிமை என்று வாசித்து அந்தப் பெண் திரும்பிவிடுவார். 2022 ஆம் ஆண்டுத் திருத்தம் அந்தப் பாகுபாட்டை நீக்கியது. அதையும் தேடிக் காட்டினால்தான் சேவை முழுமையாகும்.

ஆனால் "காணி உங்களுக்குத்தான்" என்று நூலகர் தீர்ப்புச் சொல்லக்கூடாது. தகப்பன் இறந்த திகதி, பதிவில் உள்ள பெயர் என்பவற்றைச் சட்டத்தரணியே ஆராய வேண்டும். வசதி குறைந்தோருக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. அந்த வழியைச் சொல்வதும் நூலகரின் பணியே. மூலப் பத்திரத்தை யாரிடமும் விட்டுவராதீர்கள், பிரதியைக் காட்டுங்கள்.

பதில் கிடைக்காவிட்டால்?

கேள்வியை எழுதிக் கொடுங்கள். சேவையே மறுக்கப்பட்டால் நூலகத்தை நடத்தும் சபைக்கு முறையிடுங்கள். தேவையான பதிவு பிரதேச செயலகத்தில் இருந்தால், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அங்குள்ள தகவல் அலுவலரிடம் விண்ணப்பியுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. எழுத இயலாதவர் வாயால் சொன்னால் அலுவலரே எழுதிக்கொள்ள வேண்டும். தருவதா இல்லையா என்ற முடிவு 14 வேலை நாட்களுக்குள் வரவேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், பின்னர் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம்.

இடப்பெயர்வில் பத்திரங்களைத் தொலைத்த குடும்பங்கள் வன்னியில் ஏராளம். எந்த அலுவலகத்தில் எதைக் கேட்பது என்று தெரியாமலே அலைந்தவர்கள் நாங்கள். அந்த அலைச்சலைக் குறைக்க ஊர் நூலகத்தால் முடியும். போய்க் கேளுங்கள்.